காத்திருக்கும் வெப்பம்: வீட்டுக் காப்பிக் கருவிகளின் ஆற்றல் வரலாறு

ஒரு பொருளைச் சூடாக்குவதற்கு ஆகும் செலவு ஒன்று. சூடாக்கியதைச் சூடாகவே வைத்திருப்பதற்கு ஆகும் செலவு வேறொன்று. முன்னது ஒருமுறையோடு முடிந்துவிடும். பின்னது, வைத்திருக்கும் நேரம் நீள நீளத் தானும் நீண்டுகொண்டே போகும். விறகையும் கரியையும் கையால் எடுத்து அடுப்பிலிட்ட காலத்தில் இந்த வேறுபாடு எல்லார்க்கும் தெரிந்திருந்தது. அடுப்பு எரிந்துகொண்டிருந்தால் விறகு குறைவது கண்ணுக்குத் தெரியும். மின்சாரம் வீட்டுக்குள் நுழைந்து, விசையைத் தட்டினால் வெப்பம் என்ற நிலை வந்தபின் அந்தக் கண்காணிப்பு தளர்ந்தது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வீடுகளில் வழங்கிய காப்பிக் கருவிகளின் வரலாறு இத்தளர்ச்சிக்கும், அது நெடுங்காலம் கழித்துத் திருத்தப்பட்டதற்கும் நல்ல சான்றாக விளங்குகின்றது.

முதலில் ஒரு சிறு கணக்கு. ஒரு லிட்டர் நீரை 20 செல்சியஸ் பாகையிலிருந்து காப்பி வடிப்பதற்கு ஏற்ற 93 பாகைக்கு உயர்த்த 73 கிலோகலோரி வெப்பம் வேண்டும். மின்சாரக் கணக்கில் இது ஒரு யூனிட்டில் ஏறத்தாழப் பன்னிரண்டில் ஒரு பங்கு. கருவியின் உடலும் சுற்றியுள்ள காற்றும் உண்ணும் பங்கைச் சேர்த்தாலும் பத்தில் ஒரு பங்கு என்று கொள்ளலாம். எட்டுக் கோப்பைக் காப்பிக்கு இவ்வளவே தேவை. நீரின் இயல்பு மாறாதவரை எந்த அறிஞரும் எந்தப் பொறியாளரும் இதை அதிகம் குறைத்துவிட முடியாது. ஆகவே காப்பிக் கருவியில் ஆற்றல் வீணாவது பெரும்பாலும் வடிக்கும் நேரத்தில் அன்று. வடித்து முடித்த பின்னர்தான். இந்த உண்மை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஒருவருக்குத் தெரிந்திருந்தது.

வெப்பத்தை அளந்த பிரபு

அவர் பெயர் பெஞ்சமின் தாம்சன். 1753இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பகுதியில் பிறந்தவர். அமெரிக்க விடுதலைப் போரில் ஆங்கில அரசின் பக்கம் நின்றமையால் தாயகத்தைத் துறந்தார். பின்னர் ஜெர்மானிய நாடாகிய பவேரியாவின் ஆட்சியாளரிடம் பணியேற்று, அங்கே ரம்ஃபோர்டு பிரபு என்னும் பட்டம் பெற்றார். அறிவியல் வரலாற்றில் அப்பட்டப் பெயராலேயே அறியப்படுகின்றார்.

மியூனிக் நகரின் படைக்கலச் சாலையில் பீரங்கிக் குழாயைக் குடையும்போது எழும் வெப்பத்தை அவர் ஆராய்ந்தார். குதிரைகள் துளைப்பொறியைச் சுழற்ற, உராய்வினால் எழுந்த வெப்பத்திலேயே சுற்றிலும் வைத்த நீர் இரண்டரை மணி நேரத்தில் கொதித்தது. நெருப்பே இல்லாமல் நீர் கொதித்ததைக் கண்டு சூழ்ந்திருந்தோர் வியந்தனர். வெப்பம் என்பது ஒருவகைப் பாய்மம் அன்று, இயக்கமே என்னும் கருத்துக்கு வலுவூட்டிய இந்த ஆய்வை 1798இல் அவர் வெளியிட்டார்.

அறிவியலாருக்கு அந்த ரம்ஃபோர்டு பெரியவர். அடுப்பங்கரைக்கு இன்னொரு ரம்ஃபோர்டு பெரியவர். மென்மயிரும் கம்பளியும் இறகும் உடலைக் கதகதப்பாக வைத்திருப்பது ஏன் என்று அவர் ஆராய்ந்தார். அவற்றின் இழைகளுக்கிடையே சிறைப்பட்டு அசையாதிருக்கும் காற்றே வெப்பத்தைத் தடுத்து நிறுத்துகின்றது என்று கண்டார். வெப்பம் பற்றிய ஆய்வுகளுக்காக 1792இல் அரச கழகத்தின் காப்லி பதக்கத்தைப் பெற்றார். மியூனிக்கில் ஏழைகளுக்கு உணவு வழங்கும் கூடங்களை அமைத்தபோது, குறிப்பிட்ட அளவு எரிபொருளில் எத்தனை பேருக்குச் சமைக்கலாம் என்று கணக்கிட்டார். திறந்த அடுப்பில் எரிபொருளின் பெரும்பகுதி வீட்டைச் சூடாக்குவதிலும் புகைபோக்கி வழியே போவதிலும் கழிகின்றது என்பதைக் கண்டு மூடிய அடுப்புகளை வடிவமைத்தார்.

இத்தகைய மனிதர் தம் கடைசிக் காலத்தில் காப்பியைப் பற்றி ஒரு தனிக் கட்டுரை எழுதியதில் வியப்பில்லை. 1812இல் வெளிவந்த அக்கட்டுரை காப்பியின் சிறப்பையும், அதை மிக நேர்த்தியாகத் தயாரிக்கும் முறையையும் பேசுகின்றது. அவர் அப்போது பாரிசுக்கு அருகிலுள்ள ஓத்தேய் என்னும் ஊரில் வாழ்ந்துவந்தார். பிரெஞ்சு நாட்டில் அதற்குச் சற்று முன்புதான் புதியதொரு வடிகலன் பரவியிருந்தது. மேற்கலத்தின் துளையிட்ட அடித்தட்டில் காப்பித்தூளை இட்டு, கொதிநீரை மேலே ஊற்றினால், சாறு தானே சொட்டுச் சொட்டாகக் கீழ்க்கலத்தில் இறங்கும். பாரிசின் பேராயராக விளங்கிய தெ பெல்வாவின் பெயரால் அது வழங்கியது.

ரம்ஃபோர்டு அந்த வடிகலனைச் செம்மைப்படுத்தினார். காப்பியைக் கொதிக்க வைக்கக் கூடாது என்பது அவருடைய முதல் விதி. கொதித்தால் மணம் ஆவியோடு போய்விடும். இங்கே சுவையின் நியாயமும் வெப்பத்தின் நியாயமும் ஒன்றாகிவிடுகின்றன. ஒரு கிராம் நீர் ஆவியாகப் பறந்தால், அதனோடு ஏறத்தாழ ஏழு கிராம் நீரை வடிக்கும் சூட்டுக்குக் கொண்டுவரத் தேவையான வெப்பமும் பறந்துவிடும். மணம் போகும் வழியே எரிபொருளும் போகின்றது. இரண்டாவது விதி, வடியும் நேரம் முழுவதும் சூடு மாறாதிருக்க வேண்டும் என்பது. அதற்காக வடிகலனைச் சுற்றி ஓர் உறை அமைத்து அதில் சூடான நீரை நிரப்பினார். அடியில் தீயை வைத்துக்கொண்டே இருப்பதைக் காட்டிலும், உள்ளே இருக்கும் வெப்பம் வெளியேறாமல் தடுப்பதே சிறந்தது என்பது அந்த உறையின் பொருள். 1814இல் ரம்ஃபோர்டு மறைந்தார். வெப்பத்தைச் சேர்ப்பதைவிட வெப்பத்தைக் காப்பது மலிவு என்னும் பாடம் அவருடைய காப்பிக் கலனில் எழுதப்பட்டிருந்தது.

குளிருக்காகப் பிறந்த குடுவை

அவர் விட்டுச் சென்ற இன்னொன்றும் காப்பியின் வரலாற்றோடு தொடர்புடையது. 1799இல் இலண்டனில் அறிவியலை மக்களிடம் கொண்டுசெல்ல ஒரு நிறுவனத்தைத் தோற்றுவிப்பதில் அவர் முன்னின்றார். அதுவே ராயல் இன்ஸ்டிடியூஷன். ஹம்ஃப்ரி டேவியும் மைக்கேல் ஃபாரடேயும் பணிபுரிந்து புகழ் பெற்ற இடம் அது.

அந்நிறுவனத்திலேயே 1892இல் ஜேம்ஸ் டியூவர் என்னும் ஸ்காட்லாந்து அறிஞர் ஒரு குடுவையைச் செய்தார். வாயுக்களைக் கடுங்குளிரில் நீர்மமாக்கும் ஆய்வில் ஈடுபட்டிருந்த அவருக்கு, அந்நீர்மங்கள் உடனே ஆவியாகிவிடாமல் வைத்திருக்க ஒரு கலம் தேவைப்பட்டது. இரண்டு கண்ணாடிச் சுவர்களை அமைத்து, இடையிலிருந்த காற்றை வெளியேற்றினார். அசையாத காற்று வெப்பத்தைத் தடுக்கும் என்று ரம்ஃபோர்டு கண்டிருந்தார்; காற்றே இல்லாத இடம் இன்னும் நன்றாகத் தடுக்கும் என்று டியூவர் காட்டினார். 1894இல் அரச கழகம் அவருக்கு ஒரு பதக்கம் வழங்கியது. வெப்பம், ஒளி பற்றிய ஆய்வுகளை ஊக்குவிக்க ரம்ஃபோர்டு தாமே பொருளுதவி செய்து நிறுவிய ரம்ஃபோர்டு பதக்கம் அது.

குளிரைக் காக்கப் பிறந்த குடுவை சூட்டையும் காக்கும் என்பதை வணிகமாக்கியவர் பெர்லின் நகரக் கண்ணாடித் தொழிலர் ரைன்ஹோல்ட் புர்கர். டியூவர் தம் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை பெறவில்லை. புர்கர் 1903இல் உலோக உறையிட்ட வீட்டுக் குடுவைக்குக் காப்புரிமை பெற்றார். அடுத்த ஆண்டில் அது தெர்மோஸ் என்னும் பெயரோடு விற்பனைக்கு வந்தது. நம் நாட்டில் இன்று பிளாஸ்க் என்று வழங்குவது இதுவே. எனவே 1904இலேயே, காப்பியை மணிக்கணக்கில் சூடாக வைத்திருக்க ஒரு துளி எரிபொருளும் தேவையில்லை என்பது கடைத்தெருவில் விற்கப்பட்ட உண்மையாகிவிட்டது.

தாளும் கெண்டியும்

20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வீட்டுக் காப்பியை மாற்றியமைத்தவை இரண்டு. இரண்டும் சிக்கனக் கருவிகள் என்பது குறிப்பிடத்தக்கது.

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் வாழ்ந்த மெலிட்டா பென்ட்ஸ் என்னும் இல்லத்தரசி, கோப்பையின் அடியில் தங்கும் மண்டியையும் அதன் கசப்பையும் வெறுத்தார். மகனின் பள்ளி நோட்டிலிருந்து மை ஒற்றும் தாளைக் கிழித்து, ஆணியால் துளையிட்ட ஒரு பித்தளைக் கலத்தில் அதனை இட்டுக் காப்பியை வடித்துப் பார்த்தார். 1908 ஜூனில் அதற்கு உரிமைப் பதிவு கிடைத்தது. அவ்வாண்டு டிசம்பரில் 73 பென்னிக் முதலீட்டில் அவருடைய நிறுவனம் பதிவாயிற்று. தாள் வடிகட்டிக்கு வேண்டியது ஒருமுறை சூடாக்கிய நீர் மட்டுமே. மீதியைப் புவியீர்ப்பு பார்த்துக்கொள்ளும். மின்சாரமும் வேண்டா, தீயும் வேண்டா.

இத்தாலியில் 1933இல் அல்ஃபோன்சோ பியாலெட்டி வெளிக்கொணர்ந்த மோக்கா கெண்டி மற்றொன்று. அலுமினியத்தில் வார்த்த எட்டுப் பட்டைக் கெண்டி அது. கீழறையில் நீர், நடுவில் காப்பித்தூள், மேலறையில் காப்பி. கீழே சூடேறும்போது எழும் ஆவியின் அழுத்தம் நீரை மேல்நோக்கித் தூளின் ஊடே தள்ளும். கீழறை வற்றியதும் ஒரு குமுறல் ஒலி கேட்கும். அடுப்பை அணைக்க வேண்டும் என்பதற்கு அதுவே அறிகுறி. முசோலினியின் ஆட்சி அலுமினியத்தை நாட்டின் சொந்த உலோகமாகப் போற்றிய காலம் அது. ஆயினும் இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே, பியாலெட்டியின் மகன் ரெனாட்டோவின் விளம்பரத் திறத்தால், கெண்டி இத்தாலிய வீடுகளெங்கும் புகுந்தது. 2016இல் ரெனாட்டோ மறைந்தபோது அவருடைய அஸ்தி ஒரு பெரிய மோக்கா கெண்டியிலேயே வைக்கப்பட்டது.

மோக்காவின் சிக்கனம் அதன் வடிவிலேயே அடங்கியுள்ளது. அளவுக்கு மீறி நீர் ஊற்ற முடியாது. வடித்ததும் பருகிவிட வேண்டும். அடுப்பிலேயே விட்டுவைத்தால் காப்பி கருகும். எனவே யாரும் விட்டுவைப்பதில்லை. அதற்கென்று ஒரு குறையும் உண்டு. சிறிய கெண்டியைப் பெரிய சுடரின்மேல் வைத்தால் தீயின் பெரும்பகுதி பக்கங்களில் வழிந்து வீணாகும். ஆனால் அக்குறை கண்ணுக்குத் தெரியும். கைப்பிடி கருகும்போது எவரும் சுடரைக் குறைத்துவிடுவர்.

இவற்றுக்கு மாறாக, அமெரிக்க வீடுகளில் நெடுங்காலம் ஆட்சி செய்தது பெர்க்கலேட்டர் என்னும் சுழற்சிக் கலன். 1889இல் ஹான்சன் குட்ரிச் என்பவர் காப்புரிமை பெற்ற வடிவமே அங்குப் பரவியது. கொதிக்கும் நீர் நடுக்குழாய் வழியே மேலேறித் தூளின்மேல் விழுந்து, கீழிறங்கி, மீண்டும் கொதித்து மேலேறும். வடித்த காப்பியே திரும்பத் திரும்பக் கொதிக்கின்றது. ரம்ஃபோர்டின் முதல் விதி அங்கே ஒவ்வொரு காலையும் மீறப்பட்டது.

சூட்டுத்தட்டின் காலம்

பெர்க்கலேட்டரை வீழ்த்திய கருவி ஜெர்மனியில் தோன்றியது. 1954இல் காட்லோப் விட்மன் என்பவர் மின்சார வடிகருவி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அவர் பெயரின் எழுத்துகளைக் கோத்து அதற்கு விகோமாட் என்று பெயரிடப்பட்டது. அமெரிக்காவில் இம்முறையை வீட்டுக்கு வீடு கொண்டுசென்றது 1972இல் வெளிவந்த மிஸ்டர் காஃபி. கிளீவ்லாந்து நகரின் வின்சென்ட் மரோட்டாவும் சாமுவேல் கிளேசரும் அதைத் தோற்றுவித்தனர். பேஸ்பால் விளையாட்டில் பெரும்புகழ் பெற்ற ஜோ டிமாஜியோ 1970களில் தொலைக்காட்சியில் அதற்காகப் பேசினார்.

வடிக்கும் வேலையில் இக்கருவியைக் குறை கூற இயலாது. காப்பி மீண்டும் கொதிப்பதில்லை. தொட்டியிலிருந்து இறங்கும் நீர் ஒரு சிறு குழாயில் சூடேறுகின்றது. அங்கே எழும் ஆவிக்குமிழிகளே நீரை மேலே தள்ளித் தூளின்மேல் பொழிகின்றன. தேவையான நீர் மட்டுமே, தேவையான நேரத்தில் மட்டுமே சூடாகின்றது. ரம்ஃபோர்டு இதைக் கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

ஆனால் அந்தக் குழாயின் மேற்புறத்தில் ஓர் உலோகத் தட்டு இருந்தது. அதன்மேல் கண்ணாடிக் குடம் வைக்கப்பட்டது. நீரைச் சூடாக்கிய அதே வெப்பக் கம்பி, நீர் தீர்ந்தபின் தட்டைச் சூடாக்கிக் காப்பியின் சூட்டைக் காத்தது. ஒரு கம்பி, ஒரு விசை, இரண்டு வேலை. உற்பத்தியாளர்க்கு இது சிறந்த சிக்கனம். கருவியின் விலை குறைந்தது, உறுப்புகள் குறைந்தன. ஆனால் தொழிற்சாலையில் மிச்சமானது வீட்டில் செலவாயிற்று. விசையை அணைக்கும்வரை தட்டு சூடாகவே இருக்கும். மெல்லிய ஒற்றைக் கண்ணாடிக் குடம் கீழே வாங்கும் வெப்பத்தை மேலேயும் பக்கங்களிலும் காற்றுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

கணக்கு இவ்வாறு அமையும். தட்டு விட்டுவிட்டு இயங்கிச் சராசரியாக 60 வாட் இழுக்கின்றது எனக் கொள்வோம். இரண்டு மணி நேரத்தில் செலவு 0.12 யூனிட். அந்தக் காப்பியை வடிக்க ஆன செலவு 0.1 யூனிட். ஆக, காப்பியைப் படைத்ததைவிடக் காப்பிக்காகக் காத்திருந்ததற்கே செலவு மிகுதி. இதனால் காப்பியும் நன்மை அடையவில்லை. சூட்டில் கிடக்கும் காப்பியில் குளோரோஜெனிக் அமிலங்கள் சிதைந்து குயினிக் அமிலம் பெருகுகின்றது. புளிப்பும் கசப்பும் ஏறுகின்றன. காசு கொடுத்துக் காப்பியைக் கெடுத்த கதையாக அது முடிந்தது.

அப்படியாயின் தட்டை ஏன் மக்கள் விரும்பினர்? அதன் விடை பொறியியலில் இல்லை, குடும்பத்தில் இருக்கின்றது. ஒரு வீட்டில் எல்லாரும் ஒரே நேரத்தில் எழுவதில்லை. ஒருவர் ஆறு மணிக்கு வேலைக்குப் புறப்படுவார்; மற்றொருவர் எட்டு மணிக்கு எழுவார். பின்னே வருபவர்க்கும் சூடான காப்பி இருக்க வேண்டும் என்னும் அக்கறையே அந்தத் தட்டின்மேல் வீற்றிருந்தது. தட்டில் எரியும் சிறு சிவப்பு விளக்கு, வீட்டில் காப்பி இருக்கின்றது என்பதற்கு அடையாளமாயிற்று. அந்த அக்கறையைக் குறை சொல்ல இயலாது. அதைக் குறைந்த செலவில் நிறைவேற்றும் குடுவை 1904 முதல் கடையில் இருந்தும், அது மறக்கப்பட்டது என்பதுதான் வருந்தத்தக்கது.

மறக்கப்பட்ட காலமும் நினைக்கத்தக்கது. மிஸ்டர் காஃபி வெளிவந்த மறு ஆண்டே, 1973 அக்டோபரில், அரபு நாடுகளின் எண்ணெய்த் தடை அமெரிக்காவை உலுக்கியது. 1975இல் ஆற்றல் சேமிப்புச் சட்டம் வந்தது. குளிர்பதனப் பெட்டி, துணி வெளுக்கும் இயந்திரம், அறைக் குளிரூட்டி, தண்ணீர்க் கொதிகலன் முதலியன அச்சட்டத்தின் பட்டியலில் இடம்பெற்றன. காப்பிக் கருவி இடம்பெறவில்லை. ஒரு வீட்டில் அது உண்ணும் மின்சாரம் சிறிது என்பதே காரணமாக இருந்திருக்கலாம். ஆனால் சிறிது என்பது பெருக்கலுக்கு உட்பட்டது. பத்து இலட்சம் வீடுகளில் 60 வாட் தட்டு நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் வீணே எரிந்தால், ஆண்டுக்கு 2 கோடியே 19 இலட்சம் யூனிட் காற்றில் கரைந்துவிடும்.

உறங்காத கருவிகள்

வடிகருவியின் தட்டையாவது கையால் தொட்டுச் சூட்டை உணரலாம். அடுத்து வந்த தலைமுறைக் கருவிகளின் செலவு கைக்கும் தெரியாது. கடிகாரமும் மின்னணுப் பலகையும் பொருத்திய காப்பி இயந்திரங்கள், எஸ்பிரெஸ்ஸோ வடிப்பதற்காகக் கொதிகலனை எந்நேரமும் தயாராக வைத்திருக்கும் இயந்திரங்கள் ஆகியவை வீடுகளுக்குள் வந்தன. உறங்குவதுபோல் தோன்றினும் இவை விழித்தே இருந்தன. 3 வாட் மட்டுமே இழுக்கும் ஒரு கருவி, ஆண்டு முழுவதும் சுவரில் செருகியபடி இருந்தால் 26 யூனிட் உண்ணும். நாள்தோறும் ஒரு லிட்டர் காப்பி வடிப்பதற்கு ஆண்டுக்கு ஆவது ஏறத்தாழ 36 யூனிட். ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கான கூலி, வேலை செய்ததற்கான கூலியை நெருங்கிவிட்டது.

இக்கசிவை உலக அளவில் கணக்கில் எடுத்த ஆய்வாளர்களுள் கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தைச் சேர்ந்த ஆலன் மையர் குறிப்பிடத்தக்கவர். பன்னாட்டு ஆற்றல் முகமை 1999இல், காத்திருப்பு நிலையில் எக்கருவியும் ஒரு வாட்டுக்கு மேல் இழுக்கலாகாது என்னும் திட்டத்தை முன்வைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2008 டிசம்பரில் அதனை விதியாக்கியது. 2010 ஜனவரி முதல் காத்திருப்புக்கு ஒரு வாட். தகவல் காட்டும் பலகை இருந்தால் இரண்டு வாட். 2013 ஜனவரி முதல் அந்த அளவும் பாதியாயிற்று.

இதற்கிடையே குப்பிக் காப்பி பரவிற்று. நெஸ்லே நிறுவனப் பொறியாளர் எரிக் ஃபாவ்ர் உருவாக்கிய முறைக்கு 1976இல் காப்புரிமை பெறப்பட்டது. 1986இல் அது நெஸ்பிரெஸ்ஸோ என்னும் பெயரில் விற்பனைக்கு வந்தது. கொதிகலனுக்கு மாற்றாகச் சிறு வெப்பக் கட்டியின் ஊடே நீரைச் செலுத்தி, ஒரு கோப்பைக்கு வேண்டியதை மட்டும் நொடிகளில் சூடாக்கும் கருவிகள் இவ்வழியில் பெருகின. மின்சாரக் கணக்கில் இவை சிக்கனமானவையே. 40 மில்லி காப்பிக்கு நீரைச் சூடாக்க மூன்றரை வாட் மணி போதும். ஆனால் அக்காப்பி வரும் அலுமினியக் குப்பி ஏறத்தாழ ஒரு கிராம் எடையுடையது. தாதுவிலிருந்து ஒரு கிலோ அலுமினியம் உருக்கி எடுக்க 13 முதல் 15 யூனிட் மின்சாரம் வேண்டும். ஆகவே புதிய உலோகத்தில் செய்த ஒரு குப்பிக்கு ஆன மின்சாரம், அதன் வழியே சென்ற நீரைச் சூடாக்கியதைப்போல் நான்கு மடங்கு. குப்பியைத் திரும்பச் சேர்த்து உருக்கினால் இச்செலவு இருபதில் ஒரு பங்காகக் குறையும். குப்பையில் போட்டால் முழுவதும் இழப்பே. ஹாம்பர்க் நகர நிர்வாகம் 2016இல் தன் அலுவலகங்களுக்குக் குப்பிக் காப்பி வாங்குவதை நிறுத்தியதற்கு இக்கழிவே காரணம். வீட்டில் மிச்சமானது வேறெங்கோ செலவாகலாம் என்பதை இக்குப்பி நினைவூட்டுகின்றது.

நாற்பது நிமிடங்கள்

2013 ஆகஸ்டில் ஐரோப்பிய ஒன்றியம் தன் விதியைத் திருத்தியபோது காப்பிக் கருவிகளுக்கெனத் தனிப் பகுதி சேர்த்தது. 2015 ஜனவரி 1 முதல் விற்பனைக்கு வரும் வீட்டுக் காப்பிக் கருவிகள் குறித்த நேரத்தில் தாமே அணைந்துவிட வேண்டும். கண்ணாடிக் குடம்போல் வெப்பக் காப்பு இல்லாத குடத்தையுடைய வடிகருவி, வடித்து முடித்த 40 நிமிடங்களுக்குள் அணைய வேண்டும். வெப்பம் காக்கும் குடத்தையுடைய வடிகருவிக்கு 5 நிமிடங்கள். பிற காப்பி இயந்திரங்களுக்கு 30 நிமிடங்கள்.

இவ்விதியில் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஒரு லிட்டர் காப்பி வடிக்க எவ்வளவு மின்சாரம் செலவிடலாம் என்று அது ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதன் கவனம் முழுவதும் வடித்து முடித்த பின்னுள்ள நேரத்தின்மீதே இருக்கின்றது. வீணாவது எங்கே என்பதைக் கணக்கு காட்டிவிட்டபின், சட்டம் கை வைத்த இடமும் அதுவாகவே அமைந்தது.

எதிர்ப்பு எழாமல் இல்லை. ஒருவர் தம் வீட்டில் காப்பியை எத்தனை நிமிடம் சூடாக வைத்திருக்கலாம் என்று பிரசல்சிலுள்ள அதிகாரிகள் முடிவு செய்வதா என்னும் கேள்வி எழுந்தது. மெல்ல மெல்லப் பருகும் முதியவருக்கும், இரவுப் பணி முடித்துத் தாமதமாக வருபவருக்கும் 40 நிமிடம் போதுமா என்பதும் நியாயமான கேள்வியே. ஒரு வீட்டின் பழக்கத்தை அளவெடுக்காமல் எல்லா வீட்டுக்கும் ஒரே அளவு தைப்பது எந்தச் சட்டத்துக்கும் உள்ள குறை. ஆயினும் விதி யாருடைய சூட்டையும் பறிக்கவில்லை. விசையை மறுபடி தட்டுவதை அது தடுக்கவில்லை. மறந்துபோன விசையை மட்டுமே அது அணைத்தது. அதற்கும் மேலாக, குடுவையில் காப்பியை ஏற்கும் கருவிக்கு நேரம் ஒரு தடையே அன்று. தட்டு 5 நிமிடத்தில் அணைந்தாலும் காப்பி மணிக்கணக்கில் சூடாயிருக்கும். வெப்பம் காக்கும் குடத்தோடு கூடிய வடிகருவியை வாங்குவோர்க்கு விதியால் இழப்பு ஏதுமில்லை. டியூவரின் குடுவை ஒரு நூற்றாண்டு கழித்துச் சமையலறை மேடைக்குத் திரும்புவதற்கு இவ்விதியும் துணைநின்றது. சுவிட்சர்லாந்தில் குளிர்பதனப் பெட்டிக்கு இருப்பதுபோலவே காப்பி இயந்திரத்துக்கும் ஆற்றல் தரச்சீட்டு ஒட்டும் முறை ஏற்பட்டது. 2008ஆம் ஆண்டு விதியின் இடத்தில் 2023இல் இயற்றப்பட்ட புதிய விதி 2025 மே முதல் நடைமுறைக்கு வந்துள்ளது.

நம் வீட்டு வடிகலன்

இவ்வரலாற்றைப் படிக்கும் தமிழர்க்குத் தம் வீட்டுப் பில்டர் நினைவுக்கு வருவது இயல்பு. பித்தளையிலோ எவர்சில்வரிலோ செய்த அந்த இரட்டைக் கலமும் தெ பெல்வாவின் கலனும் ஒரே இயற்பியலில் இயங்குபவை. மேலே துளைத்தட்டு, அதன்மேல் தூள், ஊற்றிய கொதிநீர், கீழே சொட்டும் டிக்காக்‌ஷன். வடிப்பதற்கு மின்சாரம் இல்லை.

ஆனால் ஐரோப்பியர் சட்டத்தால் தீர்க்க முயன்ற சிக்கல் இங்கு வேறு வழியில் தீர்ந்திருக்கின்றது. டிக்காக்‌ஷனை யாரும் சூடாக வைத்திருப்பதில்லை. இரவிலேயே வடித்து வைப்பார்கள், ஆறியே கிடக்கும். யாருக்குக் காப்பி வேண்டுமோ அவருக்கு வேண்டிய அளவு பாலை மட்டும் காய்ச்சி அதில் கலப்பார்கள். காப்பியின் சாரம் ஓரிடத்தில் சூடின்றிக் காத்திருக்கின்றது. அதற்கு வேண்டிய வெப்பம், குடிப்பவர் வந்தபின் வந்து சேர்கின்றது. ஆறு மணிக்கு எழுபவருக்கும் எட்டு மணிக்கு எழுபவருக்கும் சூடான காப்பி கிடைக்கின்றது; இடைப்பட்ட இரண்டு மணி நேரத்துக்கு அடுப்பு எரிவதில்லை. பாலைக் காய்ச்சுவதற்குச் செலவு உண்டுதான். அடுப்பில் மீண்டும் மீண்டும் பாலைச் சுடவைத்தால் அந்தச் செலவும் பெருகும். எனினும் காத்திருப்புக்காக ஒரு தீ தனியே எரிய வேண்டியதில்லை.

இன்று நம் நகரங்களிலும் மின்சார வடிகருவிகளும் குப்பி இயந்திரங்களும் வீடுகளுக்குள் நுழைந்துள்ளன. அவற்றை வெறுத்து ஒதுக்க வேண்டிய தேவை இல்லை. வாங்கும்போது இரண்டு கேள்விகள் கேட்டால் போதும்: வடித்த காப்பி தட்டில் நிற்கப் போகின்றதா, குடுவையில் நிற்கப் போகின்றதா? மறந்துவிட்டால் இக்கருவி தானே அணையுமா? ஓத்தேயில் முதுமையைக் கழித்த ரம்ஃபோர்டு பிரபு தம் காப்பிக் கலனுக்கு உறை தைத்தபோது கேட்டுக்கொண்டதும் ஏறக்குறைய இதே கேள்விதான். பின்னால் வருபவருக்குச் சூடான காப்பி கிடைக்க வேண்டும் என்னும் அன்பு எந்த நாட்டிலும் குறைய வேண்டியதில்லை. அந்த அன்புக்காக இரண்டு மணி நேரம் ஒரு தட்டு எரிய வேண்டும் என்னும் கட்டாயமும் இல்லை.